வெருகல் அக்காவின் கிருமி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வெருகலில் இருந்து வந்த ஒரு பெண்ணின் கால் காயத்தில் ஒரு கிருமி குடியேறியது. எங்களிடம் இருந்த எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

2. அதே காலத்தில், தவளைத் தோலில் இருந்து எடுத்த ஒரு பொருள் கிருமிகளைக் கொல்லுமா என்று எங்கள் ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தோம்.

3. சோதனை தோற்றது. திரும்பச் செய்தோம். திரும்பவும் தோற்றது.

4. அந்தப் பெண்ணின் கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.

5. துறைமுகப் பக்கம் ஒரு வெடி. எங்கள் கண்ணாடிக் குப்பிகள் உடைந்தன.

6. அதற்குப் பிறகு ஒரு வட்டம் தெரிந்தது.

இந்த ஆறுக்கும் சாட்சியாக என் மேசை மூலையில் ஒரு கிண்ணம் இருக்கிறது. உள்ளங்கை அளவான, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி அடைத்த பெத்திரிக் கிண்ணம். கிருமி வளர்ப்பதற்காக உள்ளே கூழாக ஊற்றி உறைய வைத்த ஏகார் எப்போதோ வற்றி, கருவாட்டுத் தோல் போலச் சுருங்கி, ஓரத்தில் கிளம்பி நிற்கிறது. அதன்மேல் பச்சையாகப் படர்ந்திருந்த கிருமிப் படலம் இப்போது பழுப்பு. ஆனாலும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு பக்கத்தில் வட்டமான வெற்றிடம் ஒன்று தெரியும். அண்மையில் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி மேசையைத் துடைத்துக்கொண்டே, "இந்தப் பழசை வீசவா?" என்று கேட்டாள். "மேசையை வேணுமெண்டா வீசுங்கோ. அதை விடுங்கோ" என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு அலைந்துகொண்டிருந்த காலத்தில்தான் அக்கா எங்கள் வைத்தியசாலைக்கு வந்தார். நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து முடித்து, முதல் நியமனத்தில் திருகோணமலைக்கே திரும்பியிருந்தேன். அக்கா தன் வயல் வரம்பில் நின்றபோது பீரங்கிச் செல் விழுந்து, வலது கால் கெண்டைச் சதை பிய்ந்திருந்தது. கட்டில் தலைமாட்டுச் சீட்டில் அவருடைய பெயர் இருந்தது. ஆனால் விடுதியில் எல்லோருக்கும் அவர் வெருகல் அக்காதான். தாதியர் போதாத நாட்கள் அவை. ஆகவே காயத்தில் பஞ்சுக் குச்சியை ஒற்றி மாதிரி எடுக்க நானே விடுதிக்குப் போவேன். கட்டைப் பிரித்ததும் துணியில் நீலமும் பச்சையும் கலந்த கறை. புளித்த திராட்சை போன்ற இனிப்பு வாடை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாடையே பாதிப் பதில். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அக்கா காயத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, ஆள் ஆரெண்டு தெரிஞ்சிட்டுதோ?"

"வளர்த்துப் பாத்தாத்தான் சொல்லலாம், அக்கா."

"இன்னும் வளர்க்கப் போறியளோ? நான் இஞ்ச வளர்க்கிறது காணாதெண்டோ?"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். நோவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தார். வளர்த்துப் பார்த்தேன். எங்கள் மருந்தறையில் இருந்த மருந்துகள் ஒவ்வொன்றையும் தோய்த்த சிறு வட்டத் தாள்களை ஏகாரின்மேல் வைத்தேன். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெளி தெரியும். ஒன்றிலும் தெரியவில்லை. ஒவ்வொரு தாளின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து முட்டிக்கொண்டு நின்றது. வேறு மருந்து கேட்டுக் கொழும்புக்கு எழுதினார்கள். எழுதியது போனது, மருந்து வரவில்லை. அக்கா நேருக்கு நேர் கேட்டதால் நானும் நேராகவே சொன்னேன். அன்றிலிருந்து அவர் அந்தக் கிருமியை மரியாதையாக "அவர்" என்றே சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "காலையே கேக்கிறவர். மரியாதை குடுக்காமல் ஏலுமோ?" என்றார்.

மிஸ் என்று நாங்கள் அழைத்தவர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். என்னைவிடச் சில வயதுதான் கூட. தெற்கில் நல்ல ஆய்வுகூடங்கள் இருக்க, எங்கள் ஆய்வுகூடத்தின் மூலை மேசையைக் கேட்டு வாங்கினார். "காயம் இஞ்ச, கிருமி இஞ்ச, தவளையும் இஞ்ச. ஆராய்ச்சியை மட்டும் ஏன் வேறெங்கயோ கொண்டுபோய்ச் செய்ய வேணும்?" என்பது அவர் கேள்வி. தவளை எந்நேரமும் சேற்றில் ஊறிக் கிடக்கிறது. சேறு முழுவதும் கிருமி. ஆனாலும் அதன் ஈரத்தோல் அழுகுவதில்லை. அந்தத் தோலில் பெப்டைட்டுகள் சுரக்கின்றன. அவை புரதத்தின் சிறு துண்டுகள். கிருமியின் மேலுறையில் போய் ஒட்டி ஓட்டை போட்டு அதைக் கொல்கின்றன. பல நாடுகளில் இதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் எடுத்துக்கொண்டது எங்கள் வயல்களில் கத்தும், முதுகு பொன்னிறமான ஒரு தவளை.

கந்தளாய்க் குளத்து வாய்க்கால்களில் தவளை பிடித்து, வாளியில் போட்டு ஈரச் சாக்கால் மூடிக் கொண்டுவருவோம். மிஸ், நான், ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும், கிண்ணியாவில் இருந்து வரும் முஸ்லிம் பெரியவரான நானா. முதல் நாள் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் சாக்கைத் தூக்கினான். ஒன்று பாய்ந்து அவனுடைய மணல் மூட்டையில் போய் இருந்தது. "கெம்பா?" என்று சிங்களத்தில் கேட்டான், தவளையா என்று. மிஸ் ஓம் என்று தலையாட்டினார். சாப்பிடவா என்று வாயைக் காட்டிக் கேட்டான். இல்லை, மருந்துக்கு என்று மிஸ் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அவன் நம்பவில்லை. ஆனால் இரண்டொரு நாளில் அதே தவளைகளை அதே வாளியில் திருப்பிக் கொண்டுபோய் வாய்க்காலில் விட நாங்கள் வந்தபோது அவனுக்குக் குழம்பிப்போனது. முதுகை மெதுவாகத் தடவி, தோலில் கசிவதைக் கழுவி எடுத்துக்கொண்டு, உயிரோடு விட்டுவிடுவதுதான் மிஸ்ஸின் முறை. அதன் பிறகு அந்தச் சாவடியில் எங்கள் வாளியை யாரும் கிளறவில்லை. இதை விடுதியில் சொன்னேன். எல்லோரும் சிரிக்க, அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தவளை போய் வரப் பாஸ் இருக்கு. எனக்கு வெருகலுக்குப் போகப் பாஸ் இல்லை. சரி, அதாவது போய் வரட்டும்" என்றார்.

கழுவி எடுத்ததைத் தெற்கில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். அங்கே தூய்மையாக்கி, சிறு குழாயின் அடியில் ஒட்டிய வெள்ளைத் தூளாகத் திருப்பி அனுப்புவார்கள். ஊதினால் பறந்துவிடும் அளவுதான். அதை வைத்துக்கொண்டு கிருமியோடு மோதுவது என் வேலை. பெரிய டொக்டருக்கு, அதாவது வைத்தியசாலைப் பொறுப்பாளருக்கு, இது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல. எல்லாப் பக்கமும் இழுபட்டுக் களைத்துப்போனவர்.

"கட்டுப் போடத் துணியில்லாத இடத்தில தவளை ஆராய்ச்சியோ, மிஸ்?"

"துணியும் வராது, மருந்தும் வராது. யோசிக்கிறதும் வரக்கூடாது எண்டோ சொல்லுறியள், டொக்டர்?"

பெரிய டொக்டர், நோயாளிகளின் பரிசோதனைக்குப் போக மிஞ்சும் ஏகாரை மட்டும் எடுக்கலாம், கையில் இருக்கும் தூள் முடியும் வரைக்கும் செய்யலாம், அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால் மேசையைத் திருப்பித் தரவேண்டும் என்றார். மிஸ் ஒத்துக்கொண்டார்.

இது அக்காவின் காதுக்கு எப்படிப் போனதென்று தெரியாது. விடுதியில் எதுவும் எவருக்கும் தெரியாமல் இருப்பதில்லை. அடுத்த முறை கட்டுப் பிரிக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முந்திக்கொண்டு விளக்கினேன்: இது கிண்ணத்தில் செய்யும் சோதனை, மருந்து அல்ல, மருந்தாவதானால் வருடக்கணக்காகும், உங்கள் காலில் பூச ஏலாது, பூசவும் மாட்டோம்.

"என்ர காலுக்கில்லை எண்டது விளங்குது, பிள்ளை. ஆனா கிருமி என்ரதெல்லோ? அவரை வைச்சே செய்யுங்கோ. அவர் சாகிறதை நான் ஒருக்காப் பாக்கோணும். வேறொண்டும் கேக்கமாட்டன்."

மிஸ்ஸிடம் சொன்னேன். அவரே விடுதிக்கு வந்து அக்காவின் பக்கத்தில் இருந்து சம்மதம் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் சோதனைக் கிருமி வெருகல் அக்காவுடையது. நான் விடுதிக்குள் நுழையும்போதெல்லாம் கதவடியிலேயே கேள்வி வரும்: "செத்திட்டாரோ?" இல்லையென்று தலையாட்டுவேன். "முரடன்" என்பார், கொஞ்சம் பெருமையாக.

அது சாகவில்லை. ஏகாரில் சிறு குழி வெட்டி, கரைத்த தூளை ஒரு துளி விட்டு மூடி வைப்போம். மறுநாள் குழியின் வாய்வரை பச்சை. தெற்கில் இருந்து, இதே தூள் தங்களிடம் நன்றாக வேலை செய்கிறதென்று எழுதினார்கள். உங்கள் கை சுத்தமா என்று நேராகக் கேட்காமல், சுற்றிவளைத்துக் கேட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் நான் வரிசைப்படுத்துவேன். தண்ணீர், ஏகார், சூடு, கிருமியின் வயது, என் கை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். மின்சாரம் போனால் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியில் வெந்நீர்ப் போத்தல் வைத்துச் சூட்டைப் பிடித்தேன். மாற்றாமல் விட்டது ஒன்றுதான்: குப்பிகள். ஏனென்றால் அந்த ஆய்வுகூடத்தில் யாரும் சந்தேகிக்க முடியாதவை அவைதான். பென்சிலின் ஊசி மருந்து வந்த கண்ணாடிக் குப்பிகள். எதுவும் வராத ஊரில் எதையும் வீசக்கூடாது என்பதால் நானா அவற்றைச் சேர்த்து, சலவைச் சோடாவில் அவித்து, அலசி, காய்ச்சி வடித்த நீரில் மறுபடி அலசி, வெயிலில் கவிழ்த்து, பிரஷர் குக்கரில் அவித்துத் தருவார். வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கீறல் தெரியாது. தூளைத் தண்ணீரில் கரைத்து, பல மடங்கு தண்ணீர் கூட்டி ஐதாக்கி, அவற்றில்தான் பிரித்து வைத்திருந்தோம்.

நல்ல சாமான் எங்களிடம் இல்லாமலில்லை. அலுமாரியில் மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் குழாய்கள் ஒரு பொதி, நிவாரண நிறுவனமொன்று தந்தது, உறை பிரிக்காமல் இருந்தது. அது மோசமான நாளுக்கு. எங்கள் ஊரில் அன்று எல்லா வீட்டிலும் இப்படியொரு பூட்டிய அலுமாரி இருந்தது. பிரிக்காத சவர்க்காரம், பற்றவைக்காத மெழுகுதிரி, மடிப்புக் கலையாத துவாய். இன்று மோசம்தான், ஆனால் நாளை இதைவிட மோசமாகலாம் என்று எடுக்காமல் வைத்த சாமான்கள். நாளை ஒவ்வொரு நாளும் வந்தது. அலுமாரி திறக்கவில்லை.

அக்காவின் காலை எடுத்தார்கள். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, வேறு வழியிருக்கவில்லை. மயக்கம் தெளிந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவரும் காலோட போயிட்டாரோ?"

"இல்லை அக்கா. ஆய்வுகூடத்தில இருக்குது. வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"அப்ப விடாதேங்கோ" என்றார். அதைச் சொல்லும்போது அவர் போர்வை தாழ்ந்திருந்த இடத்தைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார். எங்களிடம் ஒரே ஒரு தடவைக்கு மட்டுமே தூள் இருந்தது. அக்காவை இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு அனுப்ப ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது.

வெடி ஒரு முற்பகலில். துறைமுகப் பக்கம். முதலில் தரை ஒருமுறை எழும்பி அமர்ந்தது போலிருந்தது, பிறகுதான் சத்தம். சன்னல் கண்ணாடியோடு சேர்ந்து குப்பித் தட்டும் விழுந்தது. நாங்கள் மேசைக்குக் கீழிருந்து எழும்பியபோது நானா நடுவறையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கழுவிய அத்தனையும் சீமெந்துத் தரையில் பொடியாகக் கிடந்தது. மூலையில் உருண்டு தப்பியவை ஒன்றிரண்டு. மிஸ் அலுமாரிக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினார்.

"சாவியைத் தாங்கோ, நானா."

"மிஸ், அது மோசமான நாளைக்கெண்டு வெச்ச சாமான்."

"இண்டைக்கு என்ன நாள் நானா? பெருநாளோ?"

நானா தரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சாரனின் மடியில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "இனி இதைப் பூட்டத் தேவையில்லப் போல" என்று முணுமுணுத்தார்.

கடைசித் தூளையும் பிளாஸ்டிக் குழாயில் கரைப்பதென்று மிஸ் சொன்னார். நான் மறித்தேன். நடுவில் முறை மாறினால் பழைய முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அது என் தொழிலின் சட்டம், வெடி விழுந்தாலும் மாறாது. பாதியைத் தப்பிய குப்பியில் கரைப்போம் என்றேன். "இருக்கிறதே துளி, அதிலயும் பாதியோ?" என்று மிஸ் தலையில் கை வைத்தார். பிறகு சம்மதித்தார். ஒரே கிண்ணம். நான்கு குழிகள்: குப்பியில் கரைத்தது, பிளாஸ்டிக்கில் கரைத்தது, எங்களிடம் இருந்த மருந்து, வெறும் தண்ணீர்.

மறுநாள் மூடியைத் தூக்காமலே தெரிந்தது. குப்பிக் குழியின் வாய்வரை பச்சை, வட்டமில்லை. மருந்துக் குழியைச் சுற்றியும் வட்டமில்லை. தண்ணீரைச் சுற்றியும் வட்டமில்லை. பிளாஸ்டிக் குழியைச் சுற்றிப் பச்சைக்குள் ஒரு தெளிந்த வட்டம். மிஸ் கதிரையில் இருந்துவிட்டார். பெப்டைட்டில் நேர்மின் ஏற்றம் உண்டு. கண்ணாடிப் பரப்பில் எதிர்மின் ஏற்றம். ஐதாகக் கரைத்தால், கிருமியில் ஒட்டவேண்டியது முழுவதும் குப்பிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் இத்தனை நாளும் கிருமிக்கு விட்டது வெறும் தண்ணீர். தெற்கில் பிளாஸ்டிக் குழாய் பாவித்தார்கள். அது அவர்களுக்குச் சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை, வேறு பாத்திரம் பாவிக்கும் ஆய்வுகூடம் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததில்லை.

நானா கேட்டுக்கொண்டு நின்றார். "அப்ப நான் கழுவக் கழுவ அது போய் ஒட்டிக்கொண்டிருந்திருக்கு!" என்றார். "வடிவான குப்பியைக் கண்டா ஆர்தான் ஒட்டமாட்டினம், நானா?" என்றார் மிஸ். மூவரும் சிரித்தோம். அந்தக் குப்பிகளுக்காக நான் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படமாட்டேன். ஒன்றும் வராத இடத்தில் கழுவிக் கழுவி ஓர் ஆய்வுகூடத்தை நடத்தினோம். பெரிய டொக்டர் வந்து பார்த்து, வெடியும் ஒரு நல்லது செய்திருக்கிறது என்றார். மிஸ்ஸின் முகம் மாறியது. "அதுக்கு நான் நன்றி சொல்லமாட்டன், டொக்டர். அலுமாரியைத் திறந்தது நாங்கள்" என்றார். பெரிய டொக்டர் மேசையைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

அக்காவைச் சக்கரக் கதிரையில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்தேன். முகாமுக்குப் போகும் வாகனம் முற்றத்தில் நின்றது. கிண்ணத்தை மூடியோடு அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். அக்கா பச்சையைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். விரலால் மூடியின் மேல் அதைச் சுற்றிக் கோடு போட்டார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான், அக்கா."

"பிள்ளை, இது சின்ன இடம்தான்." கொஞ்சம் மூச்செடுத்தார். "ஆனா இதுக்குள்ள அவருக்கு இடமில்லை."

பிறகு நிமிர்ந்து, "சரி, தள்ளுங்கோ. வாகனம் பாத்துக்கொண்டு நிக்குது" என்றார். அழுதது நான். அக்கா அழவில்லை. நான் திரும்பி வந்து, மூடிக்குள் போமலின் தோய்த்த தாளை வைத்து உள்ளே இருந்ததைக் கொன்று, மெழுகு ஊற்றி அடைத்தேன்.

சண்டை முடிந்துவிட்டது. கிண்ணியாவுக்கு இப்போது பாலம் இருக்கிறது. நானா ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். கந்தளாய் வீதியில் வாளியைத் திறக்கச் சொல்ல யாருமில்லை. அக்கா வெருகலுக்குத் திரும்பி, செயற்கைக் காலோடு அதே வயலைச் செய்கிறார். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் எப்போதாவது தொலைபேசி எடுப்பார். போன கிழமையும் எடுத்தார்.

"என்ன செய்யிறார் அவர்?"

"உறைகுளிர்ப் பெட்டியில இருக்கிறார், அக்கா."

"அங்கயே இருக்கட்டும். நான் வெயில்ல நிக்கிறன்."

இப்போதைய நிலை இது. அந்தப் பெப்டைட் மருந்தாகவில்லை. கிண்ணத்தில் கொல்கிறது, இரத்தத்தில் உள்ள உப்பில் வலுவிழக்கிறது. மிஸ் அதன் அமைப்பை அங்கங்கே மாற்றி மாற்றி அனுப்புகிறார், நான் சோதிக்கிறேன். பெரும்பாலும் தோற்கிறது. அக்காவின் கிருமி உறைகுளிர்ப் பெட்டியில் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு புதுத் தூளும் முதலில் அதோடுதான் மோதும். பழைய கிண்ணம் மேசை மூலையில் இருக்கிறது. அலுமாரிக்குப் பூட்டு இல்லை. நாளை காலை அடுத்த தூளைக் கரைக்கிறோம், பிளாஸ்டிக் குழாயில்.